நாலு கதவும் ஒரு பிராதும்

“தொடாத கொளஞ்சி. மேட்டரு கோர்ட்டுல இருக்குது.”

நல்லூரில் கலியமூர்த்தி அண்ணன் வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில், அவருடைய வெள்ளை டீசல் கார் நின்றிருந்தது. அதைச் சுற்றி நாலு மூங்கில் குச்சி நட்டு, கயிறு இழுத்துக் கட்டியிருந்தார். கயிற்றுக்கு உள்ளே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே, டூல்ஸ் பையும் கையுமாக வெயிலில் நின்றேன்.

“எந்தக் கோர்ட்டுலண்ணே?”

“மணவாளநல்லூர்ல.”

பையைக் கீழே வைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போன மாடு, களவு போன நகை, பேச்சு மாறிய பங்காளி என்று எதுவானாலும், தாசில்தாருக்கு மனு எழுதுவது போலச் சாமிக்கு எழுதி, அங்கேயே இருக்கும் முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வரலாம். மனுதாரர் பெயர், ஊர், எதிராளி பெயர், ஊர், குறை என்ன என்று எல்லாம் முறையாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்து முடித்துவிடும் என்பது நம்பிக்கை. முடிந்ததும் கட்டியவரே போய் வாபஸ் வாங்க வேண்டும்.

கலியமூர்த்தி அண்ணன் என் பேரில் கட்டியிருந்தார். குறை, கார் கதவு.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு கொளஞ்சி இருப்பார்கள். என் பெயரும் அந்தச் சாமியின் பெயர்தான். ஆக இந்த வழக்கில் எதிராளியும் கொளஞ்சி, நீதிபதியும் கொளஞ்சி.

“ஒரு மணி நேரம் வண்டியக் குடுங்கண்ணே. சரி பண்ணிடறேன்.”

“பண்ணுவ. எதையாச்சும் மாத்தி வச்சிட்டு, வண்டி நல்லாத்தான இருக்குதுன்னு சொல்லுவ. விசாரிக்க வர்ற சாமி கொழம்பிப்பூடும். இது சாட்சிப் பொருளு.”

“அப்ப பிராத வாபஸ் வாங்கிடுங்க. அப்பறம் சரி பண்றேன்.”

“சரி பண்ணாம எப்பிடி வாபஸ் வாங்கறது?”

 அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் வீட்டில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது என் கடையைப் பற்றிய கவலை ஒன்றுதான் மனசில் இருந்தது. அந்தப் பிராது வேலில் தொங்குகிற வரைக்கும் என் கடைக்கு ஒரு வண்டியும் வராது.

குயிக் குயிக்

சென்ற வாரம் இந்தத் தொடரில் ரிவர்ஸ் ஹாரன் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அந்தச் சத்தத்தால் தூக்கம் கெட்ட சிலர் என்னைத் திட்டி எழுதியிருந்தார்கள். அவர்கள் இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சேர்த்துத் திட்டலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தேன். அப்போது எங்கள் ஊரில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ரிமோட் பூட்டு கிடையாது. ஒவ்வொரு கதவாகப் போய்க் குமிழை அமுக்கிப் பூட்ட வேண்டும். திடீரென்று அட்டைப் பெட்டியில் அலாரம் செட் வர ஆரம்பித்தது. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு சைரன், கதவுக்கு ஒன்றாக நாலு குட்டி மோட்டார், ஒரு கூடை வயர். கூடவே ஒரு காகிதம். அதில் படமும் சீன எழுத்தும் இருக்கும்.

அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் நான் தொழில் கற்றேன். படித்து என்றால், பார்த்து.

வேலை இதுதான். அலாரப் பெட்டி ரிமோட்டின் சொல் கேட்டு ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். அது கதவு மோட்டாருக்குப் போய்க் குமிழை இழுக்கும் அல்லது தள்ளும். கம்பெனியிலேயே மோட்டார் பூட்டு வைத்து வந்த வண்டி என்றால், சிலதுக்கு பிளஸ் கொடுத்தால் பூட்டும், சிலதுக்கு மைனஸ் கொடுத்தால் பூட்டும். எதற்கு எது என்று காகிதத்தில் இருந்திருக்கும். எனக்கு மோட்டார் புகைந்தால்தான் தெரியும்.

ஒரு கதவில் மட்டும் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் இன்னும் விசேஷம். மூன்று கதவு பூட்டும்போது அந்த ஒன்று திறந்துகொள்ளும். மூன்று திறக்கும்போது அது பூட்டிக்கொள்ளும். ஒரு டாக்டர் வண்டிக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. கேட்டார். “அது அவசர வழி சார். தீ கீ புடிச்சா எறங்க” என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அதன் பிறகு ஒரு வருஷம் அந்தக் கதவைப் பூட்டாமலே ஓட்டினார்.

அதிர்வு பட்டால் அலற வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவியும் இருக்கும். ஜங்ஷனில் சரக்கு ரயில் நுழைந்தால், ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் நான் அலாரம் வைத்த வண்டிகள் எல்லாம் ஒன்றாக அலறும். ஆறு விதமாக அலறும், விதத்துக்குப் பத்து நொடி. “வண்டி உஷாரா இருக்குதுன்னு அர்த்தம்” என்று சொல்லிவைத்திருந்தேன்.

கவனித்திருப்பீர்கள். தப்பு என்னுடையது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தொழிலில் அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். வீட்டிலும் சொன்னதில்லை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பைக் குறை சொல்வேன். இதனால் என் மனைவி வசந்தாவுக்கும் எனக்கும் மாசத்தில் நாலு நாள் பேச்சுவார்த்தை இருக்காது.

நம்ம ஊர் சரக்கு

கலியமூர்த்தி அண்ணன் கரும்புக்காரர். செகண்ட் ஹேண்டில் அந்த வெள்ளைக் காரை வாங்கியதும் நேரே என் கடைக்குத்தான் வந்தார். அவருக்குத் திருடன் பயம் எதுவும் இல்லை. திட்டக்குடியில் இருக்கும் சம்பந்தியின் காரில் ‘குயிக் குயிக்’ என்று சத்தம் வருகிறது. அது தன் காரிலும் வர வேண்டும். அவ்வளவுதான்.

“அவருது எத்தன தடவ சொல்லும்?”

“ரெண்டு தடவண்ணே.”

“எனக்கு மூணு வையி.”

மூன்று வைக்க முடியாது என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தேன்.

இங்கேதான் ஃபியூஸ் கதை வருகிறது. அலாரம் செட்டோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் கொடுப்பார்கள். கதவு கொஞ்சம் இறுகியிருந்தாலும் மோட்டார் முக்கும், ஃபியூஸ் போய்விடும். அந்தக் கண்ணாடி ஃபியூஸ் எங்கள் ஊரில் கிடைக்காது. பாண்டிச்சேரிக்கு ஆள் விட வேண்டும். வாரம் ஒருவர் வந்து கடையில் நின்றுகொண்டு முணுமுணுப்பார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊர் பீங்கான் ஊர். வீட்டு மீட்டர் பெட்டியில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், கையால் பிடுங்கிக் கம்பி கட்டித் திரும்பச் சொருகுவது, அது இங்கே மலைபோல் தயாராகிறது. அதை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஸ்குரு போட்டு மாட்டினால் என்ன? ஃபியூஸ் போனால் கடைக்கு வர வேண்டாம். கம்பி கட்டத் தெரியாத விவசாயி எங்கள் பக்கம் ஒருவரும் கிடையாது.

“வூட்டு ஃபியூஸா?” என்று கலியமூர்த்தி அண்ணன் குனிந்து பார்த்தார்.

“நம்ம ஊரு சரக்குண்ணே. வெளிநாட்டுக் கார்ல கூட இது கெடையாது.”

அது உண்மைதான். உலகத்தில் எந்தக் காரிலும் இருந்திருக்காது.

வசந்தா அப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. ஒரு துண்டை விரல் நுனியில் பிடித்து இன்னொன்றால் லேசாகத் தட்டுவாள். கணீரென்றால் நல்லது. சத்தம் அமுங்கினால் விரிசல். சொருகிப் பார்த்து ஆட்டுவாள். கடகடவென்றால் சூளையில் கோணியது. கழித்தது பின்பக்கம் குவியலுக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே செய்வாள். பழக்கத்தில் வீட்டிலும் டம்ளர், தட்டு, தேங்காய் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பாள். நான் சொல்கிற காரணங்களையும் அதே முகத்தோடுதான் கேட்பாள்.

நான் மாட்டிய ஃபியூஸ் எங்கே வாங்கியது என்று அவள் ஒருமுறை கேட்டாள். ஹார்டுவேர் கடையில் என்றேன்.

திட்டக்குடியில் நடந்தது

கலியமூர்த்தி அண்ணனின் மகளுக்கு ஏழாம் மாசம். திட்டக்குடியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. வளையல் தட்டு, ஐந்து வகைச் சாதம், பழம், பூ எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போயிருக்கிறார். மற்றதை நாலு பேர் நாலு விதமாக எனக்குச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

சம்பந்தி வெளியே வந்து பார்க்கும்போது ரிமோட்டை அமுக்க வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். அவர் வரும் வரை என்ஜினை ஓடவிட்டு, சாவியையும் அதில் தொங்கிய ரிமோட்டையும் வண்டியிலேயே விட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்ய இறங்கினார். பெண்கள் புடவையை உதற இறங்கினார்கள். நாலு கதவும் ஒரே நேரத்தில் படாரென்று சாத்தப்பட்டன.

டக். நாலு குமிழும் இறங்கிவிட்டன. சைரன் ஆரம்பித்துவிட்டது.

சத்தம் கேட்டு சம்பந்தி வீட்டார் மொத்தமும் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே வளையல், உள்ளே சாதம், உள்ளே சாவி. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பந்தி நல்ல மனுஷர். உதவலாம் என்று தன் ரிமோட்டைக் கொண்டுவந்து அமுக்கிப் பார்த்தார். ஷெட்டில் நின்ற அவருடைய கார், ‘குயிக் குயிக்’ என்று பதில் சொன்னது. அண்ணன் கார் போலீஸ் சத்தத்திலிருந்து ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு மாறியது.

பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை மடித்துக் கதவிடுக்கில் விட்டுக் குமிழைத் தூக்குவதற்குள் நல்ல நேரம் போய்விட்டது. பக்கத்துக் கடையில் அவசரமாக வாங்கிய வளையலைப் போட்டு முடித்திருந்தார்கள். என்ஜின் சூட்டில் தயிர்சாதம் புளித்துவிட்டது. மகள் மட்டும் மணையில் உட்கார்ந்து விடாமல் சிரித்திருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இப்படிச் சிரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் அதட்ட, இன்னும் சிரித்திருக்கிறாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், என் கடை வாசலைத் தாண்டி, நேரே மணவாளநல்லூருக்கு விட்டார்.

ஈ ஓட்டிய மாதம்

பிராது கட்டினால் பொதுவாக ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். கலியமூர்த்தி அண்ணன் மூன்று டீக்கடைகளில் நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஹெட்லைட் பல்பு மாற்ற வந்த டாக்ஸிக்காரர், பல்பைக் கையில் வாங்கிக்கொண்டு, “நானே மாட்டிக்கறேண்ணே” என்றார். அவருக்கு பானெட் திறக்கவே தெரியாது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் தெருமுனையிலிருந்தே திரும்பிப் போனார்.

மங்கலம்பேட்டை பஷீர் பாயை நம்பியிருந்தேன். துபாயிலிருந்து வந்தவர், புது வண்டிக்கு அலாரம் வைக்கச் சொல்லியிருந்தார். அவரும் வரவில்லை. போன் செய்தேன்.

“பாய், உங்களுக்கு எதுக்கு இந்தப் பயமெல்லாம்?”

“எனக்கு ஒண்ணுமில்ல கொளஞ்சி. நாளைக்கு வண்டிய வித்தா, வாங்க வர்றவன் கேப்பானே, யாரு வயரிங் பண்ணதுன்னு.”

எனக்குச் சாமி பயம் அப்போது அவ்வளவாகக் கிடையாது. நான் மல்டிமீட்டரை நம்புகிறவன். ஆனால் ஊர் முழுக்க நம்பும்போது நான் ஒருவன் நம்பாமல் இருந்து என்ன ஆகப்போகிறது? ஒரு மாதம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். வாடகைக்கு வசந்தாவின் சம்பளத்தில் கை வைக்க வேண்டியதாயிற்று. அது எனக்கு அவமானமாக இருந்தது. நல்லூருக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கயிற்றுக்கு வெளியே நின்று மோர் குடித்துவிட்டு வந்தேன்.

நாலாவது தடவை கிளம்பும்போது, “நானும் வரேன்” என்றாள் வசந்தா.

வசந்தாவின் காது

“அண்ணே, அவர கிட்ட வுட வாணாம். நான் பாக்கறேன். நானும் தொடல. சத்தம் மட்டும் கேக்கறேன்” என்றாள் வசந்தா.

கலியமூர்த்தி அண்ணன் யோசித்தார். கேட்பதில் சட்டச் சிக்கல் இல்லை என்று முடிவு செய்து, கயிற்றைத் தூக்கி அவளை உள்ளே விட்டார்.

“கதவு எப்பப்ப பூட்டிக்குது?”

“அது இஷ்டத்துக்கு. ஒரு நாளு ஸ்பீடு பிரேக்கருல. ஒரு நாளு மாடு முட்டினதுல. சாத்தினா பெரும்பாலும் பூட்டிக்கும். பாக்கறியா?”

சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினார். டக். நாலு குமிழும் இறங்கின. சைரன் கிளம்பியது. வேப்ப மரத்துக் காக்கைகள் பழகியிருந்தன போலிருக்கிறது, ஒன்றும் பறக்கவில்லை.

“பாத்தியா” என்று என்னைப் பார்த்து வெற்றியோடு சொன்னார். அவருடைய வண்டிதான் பூட்டிக்கொண்டது என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. எப்போதும் இறக்கியே வைத்திருக்கும் கண்ணாடி வழியாகக் கையை விட்டுத் திறந்து, சைரனை அமர்த்தினார்.

“இன்னொரு தடவ சாத்துங்கண்ணே.”

முன் கதவு ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, டேஷ்போர்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டாள். அவர் சாத்தினார். சைரன். நிறுத்தினார். மறுபடி சாத்தினார். நாலாவது தடவை அவள் கையைத் தூக்கிப் போதும் என்றாள்.

அவள் முகம் எனக்குத் தெரியும். யூனிட்டில் ஒரு துண்டைக் குவியல் பக்கம் எறியும்போது வருகிற முகம்.

“உள்ள பீங்கான் ஆடுது. விரிசல் இல்ல. கோணலு. மேல் துண்டு அடித் துண்டுல கெட்டியா உக்காரல. அதிர்ந்தா தூக்கிப் போடுது.”

எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. ஃபியூஸ் துள்ளும்போது அலாரப் பெட்டிக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் கரண்ட் போய் வரும். எவனோ பேட்டரி வயரை வெட்டுகிறான் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். உடனே நாலு கதவையும் பூட்டிவிட்டு அலறும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

“இது எங்க யூனிட்டுச் சரக்கு. நான் கழிச்சுப் போட்டது. நீங்க எங்க வாங்கினீங்க?” என்று வசந்தா என்னைக் கேட்டாள்.

“ஹார்டுவேர் கடையில.”

“கழிச்சது கடைக்குப் போகாதுங்க.”

கலியமூர்த்தி அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் ரோடு மோசம் என்றேன். கதவை மெதுவாகச் சாத்தியிருக்கலாம் என்றேன். சூளைக்காரர்கள் இப்போதெல்லாம் சரியாக வேக வைப்பதில்லை என்றேன். சொல்லிக்கொண்டே போனேன்.  கடைசியில் எனக்கே கேட்கச் சகிக்காமல் நிறுத்தினேன்.

“என்னமோ சொல்ல வர்ற கொளஞ்சி. அத இங்க சொல்லாத. அங்க வந்து சொல்லு. சொன்னா வாபஸ் வாங்கிக்கறேன்.”

முனியப்பர் முன்னால்

அந்தக் காரிலேயே போனோம். ஃபியூஸைத் தொட அவர் அப்போதும் விடவில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலக் கதவுகளைச் சாத்தினோம். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் இறங்கிக்கொள்ள, அவர் ஊர்ந்து தாண்டினார்.

முனியப்பர் சந்நிதியில் வேல் முழுக்கக் காகிதச் சுருள்கள். ஊரின் மனக்குறை அத்தனையும் நூல் சுற்றித் தொங்கியது. அதில் ஒன்று நான். கூட்டம் இருந்தது. எதிரே நின்று வாயைத் திறந்தேன். 

“தப்பு என்னுது” என்றேன். “குவியல்ல கெடந்தத எடுத்து மாட்டினேன். கடையில வாங்கினதுன்னு இவகிட்டயும் பொய் சொன்னேன்.”

அவ்வளவுதான். நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவை. சொன்னால் என்னென்னவோ ஆகிவிடும் என்று இத்தனை வருஷம் பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் கொஞ்சம் நகர்ந்து வழிவிடச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

பிராது எழுதும் ஜன்னலுக்குப் போனோம். நோட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் கலியமூர்த்தி அண்ணன் விவரம் சொன்னார். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

“கொளஞ்சி, ஜங்ஷன் ரோடு, கார் எலக்ட்ரிக் கடை. இதுல எத வாபஸ் வாங்கறீங்க? ரெண்டு இருக்குதே.”

“இன்னொண்ணு வேற கொளஞ்சியா இருக்குங்க” என்றேன்.

“ஜங்ஷன் ரோட்டுல கார் எலக்ட்ரிக் கடை வச்சிருக்கிற வேற கொளஞ்சி யாருங்க?” என்று கேட்டுவிட்டு, மனுதாரர் பெயரை விரல் வைத்துப் படித்தார். “வசந்தா.”

திரும்பிப் பார்த்தேன். வசந்தா புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நான்தாங்க” என்றாள்.

குறை என்ன என்று கலியமூர்த்தி அண்ணன்தான் கேட்டார். அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள். “பெருசா ஒண்ணுமில்லண்ணே. ஒரு தடவையாச்சும் தன் மேல தப்புன்னு இவரு வாயத் தொறந்து சொல்லணும். அவ்ளோதான் எழுதினேன்.”

அண்ணன் நோட்டைத் திருப்பித் தேதிகளைப் பார்த்தார். விரலில் எண்ணினார். முகம் மெல்ல மாறியது.

“தங்கச்சி, நீ எனக்கு இருவது நாளு முன்னாடி கட்டியிருக்கற.”

“ஆமாண்ணே.”

“அப்ப இவன் வாயத் தொறக்க வைக்கத்தான் எம் வண்டியப் பூட்டுச்சா சாமி?”

“தெரியலண்ணே.”

“எம் பொண்ணு வளைகாப்பும்மா.”

“மன்னிச்சிக்கங்கண்ணே.”

“ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா வாடகை வண்டி எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்.” அவருக்குக் கோபமா, சாமி தன்னை ஒரு வேலைக்குத் தேர்ந்தெடுத்ததில் பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். பேனாவை வாங்கித் தன்னுடையதை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“உங்களுதும் முடிஞ்சிப்போச்சில்ல? சேத்தே எழுதிடலாமா?” என்று ஜன்னல்காரர் வசந்தாவைக் கேட்டார்.

வசந்தா பேனாவை வாங்கினாள். இனிக் கவலை இல்லை. அண்ணன் போகிற வழியில் மூன்று டீக்கடைகளிலும் சொல்லிவிடுவார். டாக்ஸிக்காரர் வருவார், பஷீர் பாய் வருவார். நான் பேசாமல் நின்றிருந்தால் மறுநாளே கடை பழையபடி ஓடும்.

“இரு. வாபஸ் வாங்காத” என்றேன்.

“ஏங்க?”

“இன்னும் பதினோரு வண்டியில அந்தக் குவியல் ஃபியூஸத்தான் மாட்டியிருக்கேன். அவங்ககிட்டயும் போய்ச் சொல்லணும்.”

கலியமூர்த்தி அண்ணன் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டார். ஜன்னல்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்த்தார்.  வசந்தா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை மூடி அவரிடமே கொடுத்தாள்.

“எம் பிராதுக்கு இன்னும் எத்தன நாளு இருக்குதுங்க?”

அவர் எண்ணிப் பார்த்து, நாற்பது நாள் என்றார்.

“போதும். நாளைக்கு லீவு சொல்லிடறேன். நானும் கூட வரேன்” என்றாள்.